மூன்று பேருக்கும் எச்.பி. (ஹீமோகுளோபின்) 9 புள்ளிச் சொச்சம். மூவருக்கும் ஒரே டானிக் சரியா?

நடவுக்காலம் (இழையைத் தொடங்கியவர்)

மூன்று ரிப்போர்ட் போடுகிறேன். பெயர், ஊர் எல்லாம் எடுத்துவிட்டேன். மூவருமே வெண்ணாற்றுப் பாசனப் பகுதி. மூவருக்கும் சீட்டில் "ரத்த சோகை" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. மூவர் கையிலும் ஒரே இரும்பு டானிக்.

அ) பெண், 22 வயது, 11 வாரக் கர்ப்பம். எச்.பி. 9.8, ஆர்.பி.சி. (சிவப்பணு எண்ணிக்கை) 5.3 மில்லியன், எம்.சி.வி. 60, ஆர்.டி.டபிள்யூ. 15.2.

ஆ) பெண், 34 வயது, மாதவிலக்கு 8 நாள் நீடிக்கிறது. எச்.பி. 9.6, ஆர்.பி.சி. 4.1, எம்.சி.வி. 72, ஆர்.டி.டபிள்யூ. 19.

இ) ஆண், 61 வயது, சர்க்கரைக்குப் பல ஆண்டாக மெட்ஃபார்மின். எச்.பி. 9.7, ஆர்.பி.சி. 3.3, எம்.சி.வி. 91, ஆர்.டி.டபிள்யூ. 21.

கிராமச் செவிலியர், ஆஷா எல்லாரும் படிக்கிற குழு இது. எந்த எண்ணை முதலில் பார்க்க வேண்டும், எதற்கு அப்புறம் எது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கொள்ளிடக்கரை_லேப்

எச்.பி. ரத்தம் குறைவு என்று மட்டும்தான் சொல்லும். ஏன் குறைவு என்பது அதற்கு அடுத்த மூன்று வரிகளில் இருக்கிறது. பெரும்பாலோர் அங்கே பார்ப்பதே இல்லை.

முதலில் எம்.சி.வி. அது சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80 முதல் 100 வரை சரி. 80-க்குக் கீழே என்றால் அணு சிறுத்திருக்கிறது: இரும்புக் குறைவு, தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறு), சில நேரம் நாள்பட்ட நோய். 100-க்கு மேலே என்றால் பருத்திருக்கிறது: பி12, ஃபோலிக் அமிலக் குறைவு, கல்லீரல் கோளாறு, மது, தைராய்டு. நடுவில் இருந்தால் அண்மையில் ரத்தம் போயிருக்கலாம், சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம், அணுக்கள் உடைந்துகொண்டிருக்கலாம், இல்லை இரண்டு குறைவு ஒன்றாகச் சேர்ந்து சராசரியை நடுவில் நிறுத்தியிருக்கலாம்.

அடுத்து ஆர்.பி.சி. எண்ணிக்கை. எம்.சி.வி.யை ஆர்.பி.சி.யால் வகுங்கள். அ-வுக்கு 60 வகுத்தல் 5.3, ஏறத்தாழ 11.3. ஆ-வுக்கு 72 வகுத்தல் 4.1, ஏறத்தாழ 17.6. விடை 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா கடத்தியாக (குறையுள்ள மரபணுவைச் சுமப்பவராக) இருக்க வாய்ப்பு அதிகம், மேலே வந்தால் இரும்புக் குறைவு. இரும்பு இல்லாவிட்டால் மஜ்ஜை அணுக்களையே குறைவாகத்தான் செய்யும். தலசீமியா கடத்திக்கு இரும்பு இருக்கிறது, எச்.பி.யில் உள்ள குளோபின் என்ற புரதச் சங்கிலிதான் போதவில்லை. அதனால் மஜ்ஜை சின்னச் சின்ன அணுக்களாக நிறையச் செய்து தள்ளும். எச்.பி. 9.8 இருக்கும்போது ஆர்.பி.சி. 5.3 என்பதே ஐயப்பட வைக்கிற எண்.

மூன்றாவது ஆர்.டி.டபிள்யூ., அணுக்களின் பருமன் எவ்வளவு கலந்து கிடக்கிறது என்ற அளவு. 14.5 வரை சரி. இரும்புக் குறைவில் ஏறும். தலசீமியா கடத்தியில் பெரும்பாலும் அவ்வளவாக ஏறாது.

இந்த வகுத்தல் கணக்கு வழிகாட்டத்தான். இதை வைத்து நோயை உறுதி செய்யக் கூடாது. கர்ப்பத்தில் பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) கூடுவதால் ஆர்.பி.சி. எண்ணிக்கை நீர்த்துப்போய்க் கணக்கு தடுமாறும்.

வட்டார_மருத்துவர்

லேப் நண்பர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அ-வை மற்ற இருவர் மாதிரி வரிசையில் நிறுத்தக் கூடாது. அவசரம் அவருக்குத்தான். எச்.பி. 9.8 என்பதால் அவசரம் இல்லை, 11 வாரம் என்பதால் அவசரம்.

செய்ய வேண்டியது: எச்.பி. வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. முறையில் எச்.பி.ஏ2 என்ற வகையின் அளவு, கூடவே ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு). ஏ2 4 சதவீதத்துக்கு மேல் வந்தால் பீட்டா தலசீமியா கடத்தி என்பதில் ஐயமில்லை. 3.5-க்கும் 4-க்கும் நடுவில் வந்தால் முடிவெடுக்காதீர்கள். இரும்புக் குறைவு ஏ2 அளவைத் தாழ்த்திக் காட்டும், பி12 குறைவு உயர்த்திக் காட்டும்.

எல்லா ஊரிலும் எச்.பி.எல்.சி. உடனே கிடைக்காது. வடிகட்ட நெஸ்ட்ராஃப்ட் என்ற எளிய சோதனை போதும். 0.36 சதவீத உப்புக் கரைசலில் ஒரு சொட்டு ரத்தம் விட்டு அரை மணி நேரம் வைத்து, குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட தாளைப் பிடிக்க வேண்டும். கோடு தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் பயமில்லை. மங்கினால் எச்.பி.எல்.சி.க்கு அனுப்புங்கள். இரும்புக் குறைவிலும் மங்கும், அதனால் இதை மட்டும் வைத்து "தலசீமியா" என்று யாரையும் மிரட்டக் கூடாது.

அவர் கடத்தி என்று தெரிந்தால் கணவருக்கும் அதே வாரத்தில் பரிசோதனை. இருவரும் கடத்தி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடும் தலசீமியா வர 25 சதவீத வாய்ப்பு. நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்ப்பது 11 வாரத்துக்கு மேல், பனிக்குட நீர் 16 வாரத்துக்கு மேல். இதற்கெல்லாம் நாள் ஓடும். அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் கட்டியிருந்தால் கட்டாயம் கேளுங்கள். கணவர் ஒருவேளை கடத்தி இல்லை என்றால் குழந்தைக்குப் பெரிய ஆபத்தில்லை. தாய்க்கு ஃபோலிக் அமிலம் தொடரும். இரும்பு அவருடைய ஃபெரிட்டினைப் பார்த்துத்தான்.

அரசலாறு_பார்மசி

டானிக் விஷயத்துக்கு வருகிறேன். பாட்டில் அட்டையில் பெரிதாக எழுதியிருக்கும் எண் உப்பின் எடை. நமக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் தனி இரும்பு. ஃபெரஸ் ஃபூமரேட் 200 மி.கி. என்றால் ஏறத்தாழ 65 மி.கி. இரும்பு. உலர்ந்த ஃபெரஸ் சல்பேட் 200 மி.கி.யிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஃபெரஸ் குளுக்கோனேட் 300 மி.கி.யில் 35 மி.கி. மட்டும். கடையில் "ரத்தம் ஊற டானிக்" என்று கேட்டு வாங்குகிற பாட்டில்கள் சிலவற்றில் தனி இரும்பு எவ்வளவு என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். அரசு தருகிற சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன, அதுவும் இலவசமாக. ஆ மாதிரி ஒருவருக்கு 200, 300 ரூபாய் டானிக் தேவையே இல்லை.

மாத்திரை வேலை செய்யவில்லை என்று வருபவர்களிடம் நான் கேட்பது, எதோடு விழுங்குகிறீர்கள் என்பதைத்தான். நம் பக்கம் காலையில் டிகிரி காபி இல்லாமல் பொழுது விடியாது. மாத்திரையையும் அதே கையோடு போட்டுக்கொள்வார்கள். காபி, டீயில் உள்ள பாலிஃபீனால் இரும்பைக் கட்டிப்போடும். காபியைவிட டீ மோசம். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும் இரண்டும் வேண்டாம். பால், கால்சியம் மாத்திரை, வயிற்றுப் புண்ணுக்கு ஆன்டாசிட் இவையும் கூடாது. பேன்டோபிரசோல், ஒமிபிரசோல் மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு அமிலமே குறைவு, இரும்பு சரியாகக் கரையாது. தைராக்ஸின் மாத்திரைக்கும் இரும்புக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

கர்ப்பிணிக்குக் கால்சியமும் 500 மி.கி. இரண்டு வேளை தருகிறார்கள். இரண்டையும் ஒரே கவரில் போட்டுக் கொடுப்பதால்தான் குழப்பம். காலை இட்லியோடு கால்சியம், 11 மணிக்கு எலுமிச்சைச் சாறோடு இரும்பு, இரவுச் சாப்பாட்டோடு இரண்டாவது கால்சியம். இப்படிச் சொன்னால் மறக்க மாட்டார்கள்.

நடவுக்காலம்

நன்றி அண்ணே. ஒரு சந்தேகம். தினம் ஒன்றா, ஒருநாள் விட்டு ஒருநாளா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.

அரசலாறு_பார்மசி

ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். ஒரு மாத்திரை போனதுமே கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாக விடும். அது குடலின் கதவைச் சாத்திவிடும், ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு. மறுநாள் போடுவதில் பாதி வீண். வயிற்று எரிச்சலும் மலச்சிக்கலும்தான் மிச்சம்.

வட்டார_மருத்துவர்

இதை எல்லாருக்கும் பொதுவாக்காதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதற்கு ஆதாரமான ஆய்வுகள் பெரும்பாலும் ரத்த சோகை இல்லாத, அல்லது லேசாக உள்ள, கர்ப்பமில்லாத இளம்பெண்களிடம் நடந்தவை. ஒரு மாத்திரைக்கு உறிஞ்சும் விகிதம் கூடுகிறது என்பது உண்மை. மாத மொத்தக் கணக்கில் எவ்வளவு உள்ளே போகிறது என்பது வேறு. கர்ப்பிணிக்குப் பிரசவத்துக்கு முன் கையில் இருப்பது கொஞ்ச வாரங்கள். அவருக்குத் தினமும்தான். நாலாம் மாதத்திலிருந்து 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள் என்பது தேசியத் திட்டம். ரத்த சோகை இருந்தால் நாளுக்கு இரண்டு மாத்திரை. ஆ மாதிரி கர்ப்பமில்லாதவருக்கு வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒருநாள் விட்டுக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாத்திரையை நிறுத்திவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அரசலாறு_பார்மசி

கர்ப்பிணிக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மற்றவர்களுக்கு நாளைக்கு மூன்று வேளை எழுதுகிற பழைய வழக்கத்தை விட்டாக வேண்டும் டாக்டர்.

வட்டார_மருத்துவர்

அதில் மறுபேச்சு இல்லை. ஆ-வுக்குச் சரியான மருந்து, சரியான முறை என்றால் ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் ரெட்டிகுலோசைட் (புதிதாகப் பிறந்த சிவப்பணு) ஏறும். நாலு வாரத்தில் எச்.பி. 1 முதல் 2 கிராம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் வரிசையாகக் கேட்க வேண்டியவை: உண்மையில் விழுங்கினாரா, எதோடு விழுங்கினார், ரத்தம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறதா, நம் கணிப்பே தப்பா. எச்.பி. 12 ஆனதும் நிறுத்தக் கூடாது. இன்னும் 3 மாதம் போட்டால்தான் சேமிப்பு நிறையும். நிறுத்தியவர்கள் அடுத்த அறுவடைக்குள் அதே 9-க்கு வந்து நிற்பார்கள்.

அதைவிட முக்கியம், 8 நாள் மாதவிலக்கு ஏன்? கருப்பையில் நார்க்கட்டி உண்டா என்று ஸ்கேன், தைராய்டு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா என்று கேளுங்கள். குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தால் என்றைக்கு நிரம்பும்?

படுகை_சிஸ்டர்

ஆ-விடம் பச்சை அரிசி மெல்லுகிற பழக்கம் உண்டா என்றும் கேளுங்கள். அரிசி, சாம்பல், சிலேட்டுக் குச்சி, செங்கல் தூள், ஐஸ்கட்டி எதுவானாலும். மாமியார் திட்டுவார் என்று மறைப்பார்கள். "வாய்க்கு எதுவும் கேட்குதா?" என்று தனியாகக் கேட்டால் சொல்வார்கள். இரும்பு ஏறினால் அந்த ஆசை தானாக அடங்கிவிடும், பெரும்பாலும் எச்.பி. ஏறுவதற்கு முன்பே.

கொக்கிப்புழு பற்றி யாரும் பேசவில்லையே?

கொள்ளிடக்கரை_லேப்

பேசலாம் சிஸ்டர். நம் பகுதியில் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது: சேற்றில் இறங்கி நடவு நட்டால் கொக்கிப்புழு வரும் என்று. தண்ணீர் கட்டி நிற்கிற வயலில் அதன் இளம்புழு நன்றாக வாழாது. அதற்கு ஈரமும் நிழலும் காற்றோட்டமும் உள்ள மணல் கலந்த மண் வேண்டும். அதாவது வரப்பு, வாழைத் தோப்பு, மூங்கில் கொல்லை, ஆற்றுப் படுகை. வெறுங்காலோடு கொல்லைக்குப் போகிற இடமும் தோட்ட வேலை செய்கிற இடமும் ஒன்றாக இருந்தால் அங்கேதான் ஏறும். காலில் செருப்பு, வீட்டில் கழிப்பறை. வேறு வழி இல்லை.

கொக்கிப்புழுவில் இரண்டு வகை. ஒரு அன்சைலோஸ்டோமா புழு நாளொன்றுக்கு 0.15 மி.லி. வாக்கில் ரத்தம் குடிக்கும், நெகேடர் அதில் ஐந்தில் ஒரு பங்கு. நூறு புழு இருந்தால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சி.பி.சி.யில் (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை) இயோசினோஃபில் என்ற வெள்ளணு வகை கூடியிருந்தால் அது ஒரு துப்பு. மலப் பரிசோதனைக்கு அனுப்பினால் மாதிரி புதிதாக இருக்க வேண்டும். கேட்டோ கேட்ஸ் முறையில் சிலைடு போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். அதற்கு மேல் கொக்கிப்புழு முட்டை கரைந்து கண்ணுக்குத் தெரியாது. காலையில் எடுத்து மாலையில் பார்த்துவிட்டு "புழு இல்லை" என்று எழுதுவதில் பொருளில்லை.

படுகை_சிஸ்டர்

புழுவுக்கு அல்பெண்டசோல் மாத்திரை 400 மி.கி. மென்று விழுங்கச் சொல்லுங்கள். 1 முதல் 2 வயதுக் குழந்தைக்குப் பாதி, 200. கர்ப்பத்தில் முதல் மூன்று மாதம் கூடவே கூடாது. ஆகவே அ-வுக்கு இப்போது வேண்டாம், நாலாம் மாதத்துக்கு மேல் பார்க்கலாம்.

பாண்டு_சித்தம்

சித்த மருத்துவத்தில் இதற்குப் பாண்டு என்று பெயர். அன்னபேதிச் செந்தூரம் எழுதுகிறோம். அன்னபேதி என்பது ஃபெரஸ் சல்பேட்தான். புடம் போட்ட பிறகு பெரும்பாலும் இரும்பு ஆக்சைடாக மாறும். சொல்ல வந்தது இதுதான்: ஒருவர் செந்தூரமும் சாப்பிட்டு சிவப்பு மாத்திரையும் போட்டால் இரண்டும் இரும்புக் கணக்குதான். இரண்டு மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும். அ மாதிரி தலசீமியா ஐயம் உள்ளவருக்கு ஃபெரிட்டின் பார்க்காமல் நாங்களும் தரக் கூடாது. உரிமம் பெற்ற தயாரிப்பையே வாங்குங்கள். சந்தையில் பொட்டலத்தில் விற்கிற செந்தூரம் வேண்டவே வேண்டாம்.

குத்தாலம்_டயட்

சாப்பாட்டுப் பக்கம் கொஞ்சம். பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறாது. 100 கிராமில் 1 மி.கி. இரும்புகூட இல்லை. மாதுளையும் அப்படித்தான். முருங்கைக் கீரை, கேழ்வரகு இவற்றில் 100 கிராமுக்கு 4 முதல் 5 மி.கி. வரை உண்டு. ஆனால் கீரை, தானிய இரும்பு உடம்பில் ஒட்டுவது சொற்பம். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை எதையாவது அதே வேளையில் சேர்த்தால் கூடும். கேழ்வரகை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சினால் இரும்பைக் கட்டிப்போடும் பைட்டேட் குறையும். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் சட்டியிலிருந்தே கொஞ்சம் இரும்பு இறங்கும், எனாமல் பூசாத பழைய சட்டியாக இருந்தால். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஈரல், ஆட்டு ரத்தப் பொரியல், மீன் இவற்றிலுள்ள ஹீம் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். ஈரல் மட்டும் கர்ப்பிணிக்கு அடிக்கடி வேண்டாம், வைட்டமின் ஏ அளவுக்கு மீறிப் போகும்.

பழைய சோற்றில் ஒரே ராத்திரியில் இரும்பு 20 மடங்கு ஏறுகிறது என்று ஒரு செய்தி சுற்றுகிறது. நுண்ணுயிர் இரும்பைப் படைக்காது. பழைய சோறு நல்ல உணவுதான், அந்தக் கணக்கு மட்டும் பொய்.

ரேஷன் அரிசியில் மஞ்சளாக மிதக்கிற மணிகளைப் பொறுக்கி எறிகிறார்கள். அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிழிந்த செறிவூட்டிய மணி. 100 மணிக்கு 1 வீதம் கலப்பார்கள். கலந்த அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மி.கி. வரை இரும்பு இருக்க வேண்டும்.

வட்டார_மருத்துவர்

இ-யை மறந்துவிட வேண்டாம். 61 வயது ஆணுக்கு ரத்த சோகை என்றால் டானிக் கொடுப்பதற்கு முன் காரணம் தேட வேண்டும். எம்.சி.வி. 91 என்று பார்த்து "நார்மல்" என்று விட்டுவிடுவார்கள். ஆர்.டி.டபிள்யூ. 21 என்பதைப் பாருங்கள். சிறிய அணுவும் பெரிய அணுவும் கலந்து கிடக்கிறது. ரத்தச் சிலைடை நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒன்று, பி12. மெட்ஃபார்மின் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் பி12 உறிஞ்சுவது குறையும். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையின் மேல் பழி போட்டுவிடுவார்கள். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கால் பெருவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பாருங்கள். ஊசி போடுவதற்கு முன்பே பி12 அளவுக்கு ரத்தம் எடுத்துவிட வேண்டும். போட்ட பிறகு எடுத்தால் எண் ஏறித்தான் இருக்கும். ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் 5 மி.கி. கொடுத்தால் எச்.பி. ஏறும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும். இந்தத் தவறு நடக்கக் கூடாது.

இரண்டு, ரத்தக் கசிவு. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் எவ்வளவு நாளாக? மலம் கறுப்பாகப் போகிறதா? இரும்பு மாத்திரையிலும் கறுக்கும், அதனால் மாத்திரைக்கு முன்பே கேளுங்கள். ஃபெரிட்டின் 30-க்குக் கீழே வந்தால் உள்நோக்கிப் (எண்டோஸ்கோப்பி) பரிசோதனை, வாய் வழியாகவும் ஆசனவாய் வழியாகவும். மூலம் இருக்கிறது என்று அதன் மேலேயே போட்டுவிட்டு நிறுத்தக் கூடாது, குடல் புற்று அதன் பின்னால் ஒளிந்திருக்கும்.

மூன்று, சிறுநீரகம். கிரியேட்டினின் பார்த்து ஈ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) கணக்கிடுங்கள். 30-க்குக் கீழே போனால் சிவப்பணு செய்யத் தூண்டும் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோன் போதாமல் எச்.பி. இறங்கும். இவர்களுக்கு ஃபெரிட்டின் 100, 150 என்று இருந்தாலும் இரும்பு போதுமென்று பொருளில்லை. டிரான்ஸ்ஃபெரின் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம்) செறிவு 20 சதவீதத்துக்குக் கீழா என்று பார்க்க வேண்டும். காய்ச்சல், சளி, புண் இருக்கும்போது எடுத்த ஃபெரிட்டினும் அப்படித்தான், பொய்யாக ஏறி நிற்கும்.

வெள்ளணு, தட்டணு (பிளேட்லெட்) இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் இந்த இழையில் உள்ள எதையும் முயல வேண்டாம். நேரே தஞ்சை மருத்துவக் கல்லூரி மாதிரிப் பெரிய இடம்.

நடவுக்காலம்

கடைசியாக ஒன்று டாக்டர். கர்ப்பிணிக்கு எந்த அளவில் இரும்பு ஊசி, எந்த அளவில் மருத்துவமனையில் சேர்ப்பது?

வட்டார_மருத்துவர்

கர்ப்பிணியில் எச்.பி. 7-க்குக் கீழே என்றால் மருத்துவமனையில் அனுமதி, தாமதம் கூடாது. 7 முதல் 9.9 வரை மாத்திரை. அது ஏறவில்லை, ஒத்துக்கொள்ளவில்லை, அல்லது பிரசவ நாள் நெருங்கிவிட்டது என்றால் நாளத்தில் இரும்பு. முதல் மூன்று மாதத்தில் நாள இரும்பு கிடையாது. அளவு: எடை × வேண்டிய எச்.பி.க்கும் இருக்கிற எச்.பி.க்கும் உள்ள வித்தியாசம் × 2.4, அதோடு சேமிப்புக்கு 500. ஐம்பது கிலோ, எச்.பி. 8, எட்ட வேண்டியது 11 என்றால் 860 மி.கி. அயர்ன் சுக்ரோஸ் என்றால் 200 மி.கி.யை 100 மி.லி. உப்பு நீரில், ஒருநாள் விட்டு ஒருநாள், நாலைந்து முறை. ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் பக்கத்தில் இருக்க வேண்டும். முடிந்த பிறகு அரை மணி நேரம் கண்காணிப்பு. ஊசி நாளத்துக்கு வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை ஆண்டுக்கணக்கில் நிற்கும், ஊசி நாளத்துக்குள்தான் இருக்கிறதா என்று முதலில் உப்பு நீர் விட்டுச் சரிபாருங்கள்.

கொள்ளிடக்கரை_லேப்

ரத்தம் எடுப்பது பற்றியும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எண்ணே தப்பானால் மேலே எழுதியது எல்லாம் வீண். விரலைப் பிதுக்கி எடுத்தால் திசு நீர் கலந்து எச்.பி. குறைத்துக் காட்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டு. கையில் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைத்தால் கூட்டிக் காட்டும். ஊதா மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம், எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கவும், குலுக்கக் கூடாது. பாதிக் குழாய் மட்டும் ரத்தம் என்றால் குழாயில் உள்ள உறைதடுப்பு மருந்து அதிகமாகி அணு சுருங்கும். வெயிலில் பேருந்து மூலமாக அனுப்பி மறுநாள் இயந்திரத்தில் ஓட்டினால் அணு ஊதி, எம்.சி.வி. 76 இருந்தது 82 என்று வரும். இரும்புக் குறைவு கண்ணிலிருந்து தப்பிவிடும். ஆகவே அ, ஆ, இ மூவருக்கும் மறுபடி எடுத்தால் அன்றே ஓட்டுகிற இடத்தில் எடுங்கள், கூடவே சிலைடு ஒன்று.

நடவுக்காலம்

அ-வுக்கும் அவர் கணவருக்கும் திங்கட்கிழமை எச்.பி.எல்.சி.க்கு ஏற்பாடு ஆகிவிட்டது. இ-யின் பி12 ஊசியை இன்னும் போடவில்லை, ரத்தம் எடுத்த பிறகுதான்.